மிளகாய்க்குச் சரி, தக்காளிக்கு வீண்: குழித்தட்டில் மூன்று வகைக் கரி

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆடிப்பட்ட ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் படிப்பவர்களுக்குக் கடைசி வரி வரை வர நேரம் இருக்காது. மிளகாய் நாற்று விடுபவர்கள் உயிர்க்கரி (மண்ணிலோ நாற்றுக் கலவையிலோ சேர்ப்பதற்காக, காற்று அதிகம் படாமல் சுட்டெடுத்த கரி) வாங்கலாம். கத்தரிக்கு உங்கள் விருப்பம். தக்காளிக்கு வேண்டாம். பாகல், புடலை, பீர்க்கு போன்ற பந்தல் காய்களுக்கு அந்தப் பேச்சே வேண்டாம். வாங்கினாலும் கொக்கோபீட்டில் (தென்னை நார்த்தூள்) பத்தில் ஒரு பங்குக்கு மேல் கலக்காதீர்கள். ‘ஊட்டமேற்றியது’ (உரச்சத்தை முன்கூட்டியே கரியில் ஏற்றியது) என்று மூன்று மடங்கு விலை போட்டு விற்கும் பையைத் தொடாதீர்கள்.

ஒட்டன்சத்திரம் பக்கத்தில் நிழல்வலைக் குடில் போட்டுக் காய்கறி நாற்று விற்கிறேன். பெரிய பண்ணை இல்லை. சந்தைக்குக் காய் கொண்டுபோகும் சுற்றுவட்டார விவசாயிகள்தான் என் வாடிக்கையாளர்கள். 98 குழித் தட்டு, கொக்கோபீட், ஒரு குழிக்கு ஒரு விதை என்று எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்கிறேன். இரண்டு மூன்று பட்டங்களாக உரக்கடை, விவசாயக் கண்காட்சி என்று எங்கே போனாலும் உயிர்க்கரிப் பை கண்ணில் படுகிறது. ‘வேர் வளர்ச்சி இரட்டிப்பு’, ‘தண்ணீர் பாதி மிச்சம்’, ‘நோயே வராது’ என்று பை முழுக்க எழுத்து. எந்த மரத்தைச் சுட்டது, எவ்வளவு சூட்டில் சுட்டது என்பது மட்டும் எதிலும் இல்லை. ஒரு கடைக்காரரிடம் தொலைபேசியில் கேட்டேன். “எல்லாம் இயற்கையானதுதான் அம்மா” என்றார். மரம் இயற்கையானது என்பது எனக்கும் தெரியும்.

அதனால் மூன்று வகையை வாங்கி, தனித்தனியாகத் தட்டில் வைத்துப் பார்த்தேன்: சீமைக்கருவேலங் கரி, தேங்காய்த் தொட்டிக் (கொட்டாங்குச்சி) கரி, அரிசி ஆலையின் உமிக்கரி. இவற்றோடு அந்த ஊட்டமேற்றிய பை ஒன்று. பக்கத்தில் வெறும் கொக்கோபீட் தட்டுகள். தண்ணீரும் பூவாளியும் விதைப் பொட்டலமும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

முதலில் சீமைக்கருவேல். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் மண் போட்டு மூடி மூட்டம் வைத்துச் சுடும் கரி இது. டீக்கடைக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் போகிற பெரிய கட்டிகள் தனியாகப் போய்விடும். மூட்டத்தின் அடியில் தங்கும் நொறுங்கலும் தூளும்தான் பெரும்பாலும் ‘உயிர்க்கரி’ ஆகிப் பைக்குள் வருகிறது. அதில் தப்பில்லை. நாற்றுக்கு நமக்குப் பொடிதானே வேண்டும். ஆனால் மூட்டத்து மண்ணும் கூடவே வருகிறது. ஒரு வாளித் தண்ணீரில் நான்கு கை அள்ளிப் போட்டுக் கலக்கிப் பாருங்கள். கரி மிதக்கும், அடியில் செம்மண்ணும் பொடிக்கல்லும் தங்கும். எனக்கு வந்த பையில் கிலோவுக்கு ஒரு பெரிய கைப்பிடி மண் இருந்தது. கிலோ 40 ரூபாய்க்கு மண் வாங்குகிறோம் என்பதை நினைவில் வையுங்கள்.

மண்ணை விட மோசம், ஈரம். கரி தண்ணீரைக் குடிக்கும் பொருள், தூசி பறக்காமல் இருக்கத் தண்ணீர் தெளித்துத்தான் பையில் அடைப்பார்கள். அது நியாயம். ஆனால் எடை போட்டு விற்கும்போது அந்தத் தண்ணீருக்கும் காசு. பையில் இருந்து ஒரு பக்கெட் கரியை எடுத்து எடை போட்டு, சாக்கில் பரப்பி நல்ல வெயிலில் காயவைத்து மறுபடி எடை போட்டேன். மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருந்தது. அன்றிலிருந்து நான் கரியை எடைக்கு வாங்குவதில்லை. சாக்கு அளவுக்குத்தான் விலை பேசுகிறேன். நாற்றங்காலில் நாம் கலப்பதும் அளவில்தானே, எடையில் இல்லையே. கலவை போடுகிறவர்களுக்கு இது இயல்பாகப் புரியும், விற்கிறவர்களுக்கு ஏனோ புரிவதில்லை.

கரி நன்றாகச் சுட்டதா என்று பார்க்க ஆய்வகம் தேவையில்லை. ஒரு துண்டை எடுத்துத் தளத்தில் போட்டால் கண்ணாடித் துண்டு போல ‘கிணிங்’ என்று சத்தம் வர வேண்டும். ‘தொப்’ என்று விழுந்தால் ஈரம் அல்லது குறைவேக்காடு. அடுத்து, கொஞ்சம் தூளை உள்ளங்கையில் தேய்த்து வெறும் தண்ணீரில் கழுவுங்கள். கறுப்பு அப்படியே ஓடிவிட்டால் நல்ல கரி. எண்ணெய்ப் பிசுக்கு போல ஒட்டிக்கொண்டு சோப்பு கேட்டால் உள்ளே தார் இன்னும் எரியாமல் இருக்கிறது. மூன்றாவது மூக்கு: ஈரக் கரியில் புகை வாசனை தூக்கலாக வந்தால் முளைக்கிற விதைக்கு ஆகாது. கடைசியாக முள்ளங்கி விதைச் சோதனை. ஈரத் துணியில் கொஞ்சம் விதை, அதே துணியின் இன்னொரு பக்கத்தில் கரித்தூளோடு கொஞ்சம் விதை. மூன்று நான்கு நாளில் வேர் நீளம் சொல்லிவிடும். சீமைக்கருவேல் இந்த நான்கிலும் தேறியது. ஆனால் உள்ளே பழுப்பு நிறமாக, மரநார் தெரிகிற துண்டுகள் அங்கங்கே இருந்தன. பொறுக்கி அடுப்புக்குப் போட்டுவிட்டோம்.

தேங்காய்த் தொட்டிக் கரி பார்க்க அழகு. பளபளவென்று, அரிசிக் குருணை அளவுக்கு ஒரே சீராக உடைத்து வந்தது. மண் இல்லை, தூசியும் குறைவு. ஆனால் விலை அதிகம். அதற்குக் காரணம் இருக்கிறது. தொட்டிக் கரியை வடிகட்டிகளுக்கான கார்பன் தயாரிக்கும் ஆலைகள் போட்டி போட்டு வாங்குகின்றன. நாம் அவர்களோடு போட்டியிட்டு நாற்றுக்கு வாங்குகிறோம். அந்த அளவுக்கு நாற்று திருப்பித் தரவில்லை. கடினமான, கனமான கரி இது. அதன் துளைகள் எல்லாம் மிக மிக நுண்ணியவை. வாயுவையும் நிறத்தையும் பிடிக்க அவை உதவும், வேர்த்தூவிக்கு அங்கே இடமில்லை. கொக்கோபீட்டோடு உலர்வாகக் கலந்தால் குருணை எல்லாம் அடியில் போய்த் தங்குகிறது. தட்டில் இருந்து நாற்றைத் தூக்கியபோது குழியின் அடியில் இருந்து கறுப்புக் குருணை பொலபொலவென்று கொட்டியது, வேர் அதைப் பிடிக்கவே இல்லை. ஈரமாகக் கலந்தால் பிரச்சினை குறைகிறது. ஆனாலும் இந்த விலைக்கு இந்தத் தொல்லை தேவையா?

உமிக்கரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் வீட்டுப் பெரியவர்கள் பல் தேய்த்த அதே கரிதான் இது. ஜப்பானில் இதைக் ‘குன்டான்’ என்று சொல்லி நாற்றுக் கலவையில் வெகுகாலமாகச் சேர்க்கிறார்கள். பிலிப்பைன்ஸிலும் காய்கறி நாற்றுக்கு இதுதான் வழக்கம். உடைக்க வேண்டாம், சலிக்க வேண்டாம், உமியின் வடிவமே குழித்தட்டுக்கு ஏற்ற அளவு. படகு போல வளைந்த அந்தச் சின்ன உமி கொக்கோபீட்டுக்கு நடுவே காற்றுக்கு இடம் விட்டுக்கொண்டு உட்காருகிறது. சாக்கு விலையும் மூன்றில் குறைவு. ஆலைக்காரருக்கு அதை அப்புறப்படுத்தினால் போதும்.

பிறகு ஏன் எல்லோரும் அதையே வாங்கக் கூடாது? ஆலையின் கொதிகலனில் இருந்து வருவது பாதி கரி, பாதி சாம்பல். கறுப்பாக இருப்பது நமக்கு வேண்டியது. வெளுத்துச் சாம்பல் நிறமாகிவிட்டது முழுக்க எரிந்துபோனது. அதில் இருப்பது பெரும்பாலும் மணிச்சத்து இல்லை, தழைச்சத்து இல்லை, மணல் இனத்துச் சிலிக்காதான். கூடவே சுண்ணாம்பு போன்ற காரத்தன்மை. ஒரு நாள் சாக்கு நல்ல கறுப்பாக இருக்கும், அடுத்த சாக்கு வெளிறிப்போய் இருக்கும். ஒரே ஆலை, ஒரே ஆள், ஒரே விலை. மூடியைத் திறந்து பார்க்காமல் வண்டியில் ஏற்றினால் பொறுப்பு நம்முடையதுதான்.

இனி காரத்தன்மை. மூட்டையில் எழுதாத முக்கியமான விஷயம் இது. கரி எல்லாமே கொஞ்சமோ நிறையவோ காரம். மழைநீரில் ஊறவைத்துப் பேனா போன்ற அந்தச் சின்னக் கருவியால் பி.எச். (7 நடுநிலை, அதற்கு மேல் காரம், கீழே புளிப்பு) பார்த்தேன். சீமைக்கருவேல் 8.5க்கு மேல், தொட்டிக் கரி 9ஐ ஒட்டி, வெளிறிய உமிச்சாம்பல் அதையும் தாண்டியது. நன்றாகக் கழுவிய கொக்கோபீட் 6ஐ ஒட்டி இருக்கும், நாற்றுக்கு அதுதான் பிடிக்கும். இதில் எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குடத்தில் வெள்ளைப் படிவம் பிடிக்கிற உப்புத் தண்ணீர். கரியும் காரம், தண்ணீரும் காரம் என்றால் கொக்கோபீட் எவ்வளவு நாள் தாங்கும்?

ஒரு தட்டு வரிசையில் சோதனைக்காகவே கரியை மூன்றில் ஒரு பங்கு கலந்தேன். நான்காவது இலை வந்தபோது மிளகாயின் இளந்தளிர் மஞ்சளித்தது. நரம்பு மட்டும் பச்சை, இடைப்பகுதி முழுக்க எலுமிச்சை நிறம். இரும்புச்சத்து ஊடகத்தில் இருந்தும் வேரால் எடுக்க முடியாதபோது வருகிற அதே அடையாளம். எலுமிச்சை உப்பைக் கரைத்துத் தண்ணீரின் பி.எச்.சை 6.5க்கு இறக்கி ஊற்றிய பிறகு அடுத்த இலை பச்சையாக வந்தது. பத்தில் ஒரு பங்கு கலந்த தட்டுகளில் இந்தத் தொல்லை எட்டிப் பார்க்கவில்லை.

வெளிநாட்டுக் காணொளிகளில் கரியைப் பாதிக்குப் பாதி கலக்கிறார்களே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் கலப்பது பீட் பாசியில். சதுப்பு நிலத்தில் இருந்து வெட்டி எடுக்கும் அந்தப் பொருளின் பி.எச். 4ஐ ஒட்டி இருக்கும், புளிப்பு அதிகம். அதைச் சரிசெய்ய அவர்கள் எப்படியும் சுண்ணாம்பு போட்டாக வேண்டும். கரி போட்டால் சுண்ணாம்பின் வேலையும் சேர்ந்து முடிந்துவிடுகிறது. நம் கொக்கோபீட்டில் அந்தப் புளிப்பு இல்லை. அவர்களுடைய அளவை நாம் அப்படியே எடுத்துக்கொண்டால் நாற்று மஞ்சளித்துத்தான் போகும்.

‘தண்ணீர் பாதி மிச்சம்’ என்ற வாசகமும் அப்படித்தான். மணல் நிலத்தில் கரி போட்டால் ஈரம் கூடுதலாக நிற்கும், உண்மை. கொக்கோபீட் தன் எடையைப் போல ஏழெட்டு மடங்கு தண்ணீரைத் தானே பிடித்துக்கொள்கிறது. அதில் பத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டுக் கரி போட்டால் தண்ணீர் எப்படிக் கூடும்? என் குடிலில் பூவாளி எடுக்கும் நேரம் மாறவில்லை. சொல்லப்போனால் உமிக்கரித் தட்டுகள் மற்றவற்றை விடக் கொஞ்சம் முன்னதாகவே காய்ந்தன. மழைக்காலத்தில் அது நல்லது, சித்திரை வெயிலில் நல்லதில்லை.

அப்படியானால் கரி என்னதான் செய்கிறது? சத்தைப் பிடித்து வைக்கிறது. கொக்கோபீட்டில் இருந்து உரம் தண்ணீரோடு அடிவழியாக ஓடிவிடும். தினமும் பூவாளி, தினமும் கசிவு. கரியின் துளைச் சுவர்கள் அம்மோனிய வடிவத் தழைச்சத்தையும் சாம்பல் சத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பற்றிக்கொண்டு வேருக்கு விடுகின்றன. நைட்ரேட் வடிவத்தை அது பெரிதாகப் பிடிக்காது. ஆக, கரி ஒரு பாத்திரம்தான், சாப்பாடு இல்லை. வெறும் பாத்திரத்தை வைத்தால் அது முதலில் தன்னை நிரப்பிக்கொள்ளும். ஊட்டமேற்றாத பச்சைக் கரி கலந்த தட்டுகளில் நாற்று இரண்டு இலையிலேயே வெளிறியது அதனால்தான்.

ஊட்டமேற்றுவது பெரிய வித்தை இல்லை. நான் செய்வது: கரியை ஈரமாக்கி (மூக்கை மூடிக்கொள்ளுங்கள், உலர்ந்த கரித்தூளை அள்ளாதீர்கள்) நெல் சலிக்கும் சல்லடையில் போட்டுப் பெரிய துண்டுகளை ஒதுக்குகிறேன். ஒரு முறை நல்ல தண்ணீரில் அலசி வடிக்கிறேன். சாம்பல் உப்பு பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும். பிறகு 19:19:19 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ளது) லிட்டருக்கு 2 கிராம் கரைத்து அதில் ஓர் இரவு ஊறவைத்து, சம அளவு நன்கு மக்கிய மண்புழு உரத்தோடு கலந்து, கொஞ்சம் டிரைக்கோடெர்மா விரிடி (அழுகல் பூஞ்சையை அடக்கும் நன்மைப் பூஞ்சை) தூவி, ஈரச் சாக்கு போட்டு நிழலில் இரண்டு வாரம் மூடி வைக்கிறேன். திறந்தால் மழை பெய்த மண் வாசனை வரும். கரி வாசனை அடங்கியிருக்கும். பஞ்சகவ்யாவில் ஊறவைப்பவர்களும் இருக்கிறார்கள், அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. பச்சைக் கோமியத்தை அப்படியே ஊற்றுவது மட்டும் வேண்டாம், ஏற்கெனவே காரமாக இருக்கும் பொருளில் இன்னும் காரம் ஏறும். கொக்கோபீட்டில் பத்தில் ஒரு பங்கு என்று நான் சொல்வது கரியின் அளவை மட்டும்தான். கூட வரும் மண்புழு உரம் அந்தக் கணக்கில் சேராது.

இனி நாற்றுக்கு வருவோம். தக்காளி 25 நாளில் வயலுக்குப் போய்விடும். மிளகாய்க்கு 35 முதல் 40 நாள். இந்த இடைவெளியில்தான் எல்லா வித்தியாசமும் இருக்கிறது. இப்படி ஊட்டமேற்றிய கரியைப் பத்தில் ஒரு பங்கு கலந்த தட்டுகளை முதல் மூன்று வாரம் வெறும் தட்டில் இருந்து பிரித்துச் சொல்ல முடியவில்லை. விதை ஊன்றும் அக்காவிடம் அட்டையை மறைத்துக்கொண்டு எது கரித் தட்டு என்று கேட்டேன். “கறுப்பாக இருப்பது கரி, இது தெரியாதா?” என்றார். இலையைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றதும் அவராலும் முடியவில்லை. அந்தக் கட்டத்தில் தக்காளி வண்டி ஏறிவிட்டது. தண்டு, உயரம், வேர் எதிலும் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. கரி கலந்தது வீண்வேலை.

மிளகாய்த் தட்டுகள் நான்காவது வாரத்தில்தான் பேச ஆரம்பித்தன. வெறும் கொக்கோபீட்டில் அடியிலைகள் வெளிறத் தொடங்கின. 18ஆம் நாள் வாக்கில் தெளிக்கும் 19:19:19 போக இன்னொரு தெளிப்பும் கேட்டன. சீமைக்கருவேல் தட்டில் அடியிலை கரும்பச்சையாகவே நின்றது, இரண்டாவது தெளிப்பை விட்டுவிட்டேன். நாற்றைக் குழியில் இருந்து இழுத்தபோது வெறும் தட்டில் வேர்ப்பந்தின் மேல்பகுதி கொஞ்சம் உதிர்ந்தது. கரித் தட்டில் அடியில் இருந்து மேல்வரை இறுக்கமாக வந்தது. ஒரு வேர்ப்பந்தைத் தண்ணீரில் மெதுவாக அலசினேன். கொக்கோபீட் எல்லாம் போன பிறகும் மிளகு அளவுக் கரித் துண்டு ஒன்று வேரோடு தொங்கியது. அதைச் சுற்றி வெள்ளைத் தூவி வேர்கள் பின்னியிருந்தன, நகத்தால் நெம்பினாலும் விடவில்லை. தொட்டிக் கரிக் குருணையில் அப்படி ஒரு பிடிப்பைப் பார்க்க முடியவில்லை. உமிக்கரி இரண்டுக்கும் நடுவில்.

இது என் குடிலுக்கு மட்டும் வந்த அதிசயம் இல்லை. இஸ்ரேலில் தென்னை நாரும் எரிமலைக் கல்லும் கலந்த ஊடகத்தில், எலுமிச்சை இனத்து மரக்கரியை எடையில் 1 முதல் 5 சதவீதம் கலந்து குடைமிளகாயையும் தக்காளியையும் வளர்த்து 2010இல் ஆய்வு வெளியிட்டார்கள். குடைமிளகாயில் இலைப்பரப்பு, பூ, காய் எல்லாம் கூடின. தக்காளியில் உயரமும் இலையும் மட்டும் கூடின, காய் கூடவில்லை. அவர்கள் பார்த்தது நாற்றை அல்ல, வளர்ந்த செடியை. ஆனால் நம் கொக்கோபீட்டுக்கு நெருங்கிய ஊடகத்தில் செய்த ஆய்வு என்பதால் எனக்கு அது பிடித்திருந்தது. இலையில் இருந்த சத்தின் அளவில் வித்தியாசம் இல்லை, வேரைச் சுற்றியுள்ள நுண்ணுயிர்களின் வேலையாக இருக்கலாம் என்றும் அவர்கள் எழுதியிருந்தார்கள். கரி ஊட்டத்தைப் பிடிப்பதால் மட்டும்தான் நாற்று தெம்பாக இருக்கிறது என்ற என் விளக்கத்தையும் நீங்கள் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

‘நோயே வராது’ என்பதற்கு வருகிறேன். நாற்றழுகல் நாற்றுப் பண்ணைக்காரர்களின் தூக்கத்தைக் கெடுக்கிற நோய். காலையில் நிமிர்ந்து நின்றது மாலையில் தண்டு சுருங்கிச் சாய்ந்து கிடக்கும். கரி இதற்கு மருந்தா? வெள்ளரி நாற்றில் ரைசோக்டோனியா பூஞ்சையை வைத்து இஸ்ரேலில் செய்த இன்னொரு ஆய்வு 2014இல் வந்தது. கரி குறைந்த அளவில் இருந்தபோது நோய் குறைந்தது, அளவைக் கூட்டியதும் அந்தப் பலன் போய்விட்டது. எனக்கு அந்த அளவுக்குக் கணக்குச் சொல்லத் தெரியாது. என் தட்டுகளில் அழுகல் வந்த இடமெல்லாம் குடிலின் கிழக்கு மூலை, தண்ணீர் தேங்கும் இடம். கரித் தட்டாக இருந்தாலும் வெறும் தட்டாக இருந்தாலும் அங்கே விழுந்தது. விதைநேர்த்தியையும் டிரைக்கோடெர்மாவையும் கைவிட்டுவிட்டுக் கரியை நம்புங்கள் என்று யாராவது சொன்னால் அவரிடம் நாற்று வாங்காதீர்கள்.

கத்தரியில் மிளகாயில் பாதி அளவுக்குப் பலன் தெரிந்தது, அவ்வளவுதான். அதன் இலை பெரியது, நாற்று தானாகவே முரட்டுத்தனமாக வளர்கிறது.

செலவு பார்க்கலாம். 98 குழித் தட்டு ஒன்றுக்குக் கலவை ஏறத்தாழ இரண்டரை லிட்டர் பிடிக்கும். பத்தில் ஒரு பங்கு என்றால் கால் லிட்டர் கரி, உலர்ந்த எடையில் 60 கிராம் சுமார். கிலோ 40 ரூபாய் என்று வைத்தால் தட்டுக்கு இரண்டரை ரூபாய்க்குள், நாற்றுக்கு இரண்டரை காசு. மண்ணையும் ஈரத்தையும் கழித்துப் பார்த்தால் நான்கு காசு. ஒரு தெளிப்பு மிச்சம், உதிராத வேர்ப்பந்து, வண்டியில் போகும்போது சேதம் குறைவு என்று பார்த்தால் மிளகாய்க்கு இது கட்டுப்படியாகிறது. காசைவிட ஆள் வேலைதான் பெரிது. சலிக்க, அலச, ஊறவைக்க, புரட்ட ஒருவர் வேண்டும். அந்த வேலையைக் குடிலில் ஓய்வான நாட்களில் செய்து சாக்கில் கட்டி வைத்துவிட்டால் பட்டம் தொடங்கும்போது தொல்லை இல்லை. ஊட்டமேற்றிய கரி ஈரம் காயாமல் இருந்தால் மாதக்கணக்கில் கெடாது.

நாற்றோடு வயலுக்குப் போகும் கரியால் மண் வளமாகும் என்று ஒரு விற்பனைத் தாளில் படித்தேன். கணக்குப் போடுங்கள். 60க்கு 45 சென்டிமீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு ஏறத்தாழ 15,000 மிளகாய் நாற்று. ஒரு நாற்றோடு போவது இரண்டரை மில்லி. மொத்தமாக 37 லிட்டர், பத்துக் கிலோ கூட இல்லை. நிலத்துக்குக் கரி போடுகிற ஆய்வுகளில் டன் கணக்கில் போடுகிறார்கள். நாற்றுக்குப் போடுவது நாற்றுக்கு மட்டும்தான்.

வாடிக்கையாளர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்பீர்கள். வயதில் மூத்த விவசாயி ஒருவர் தட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “ஏன் அம்மணி, நாற்றுக்கு மை வைத்து அனுப்புகிறீர்களா?” என்றார். நட்ட பிறகு வாட்டம் குறைவாக இருந்தது என்று அவரே சொன்னார். ஆனால் அந்த வாரம் வானம் மூடிக்கொண்டிருந்தது, கரிக்கு அந்தப் பெருமையைக் கொடுக்க மாட்டேன். நாற்றின் விலையை நான் ஏற்றவில்லை. ‘உயிர்க்கரி நாற்று’ என்று பலகை எழுதி ஏற்றியிருக்கிறார்கள் சிலர். அவர்கள் தட்டில் எவ்வளவு கரி, என்ன கரி என்று கேட்டுப் பாருங்கள்.

இப்போது மதிப்பெண். சீமைக்கருவேலங் கரிக்கு ஐந்துக்கு நான்கு. மண்ணும் ஈரமும் இல்லாமல் கொடுத்தால் நாலரை கூடப் போடுவேன். இப்போது கடையை விட்டுவிட்டு மூட்டம் போடுகிறவரிடமே சாக்குக் கணக்கில் வாங்குகிறேன். அவர் அடித்தூளைத் தராமல் பொடிக்கட்டியாகத் தருகிறார், நாங்களே உடைத்துக்கொள்கிறோம். உமிக்கரிக்கு மூன்றரை. நல்ல கறுப்புச் சாக்கு கிடைத்தால் நான்கு, ஆலைக்கு நேரில் போய்ப் பார்க்க முடிந்தவர்கள் இதையே வாங்கலாம், குறிப்பாக ஐப்பசி கார்த்திகை நாற்றுக்கு. தேங்காய்த் தொட்டிக் கரிக்கு இரண்டு. தரம் நல்ல தரம், நாற்றுக்கு அந்தத் தரம் தேவையில்லை.

அந்த ஊட்டமேற்றிய பை கிலோ 120 ரூபாய். திறந்ததும் வெல்லப்பாகு வாசனை. உப்பு அளக்கும் கருவியை வைத்தால் முள் 4ஐத் தாண்டியது. முளைக்கும் விதைக்கு 1க்கு மேல் போகக் கூடாது. பையில் எழுதியிருந்த அளவுப்படியே கலந்து மிளகாய் ஊன்றினோம். தட்டில் அங்கங்கே முளைத்து, அங்கங்கே வெறும் குழியாகவே நின்றது. விற்றவரிடம் சொன்னேன். விதை பழையதாக இருக்கும் என்றார். அதே பொட்டலத்து விதை பக்கத்துத் தட்டில் முழுசாக முளைத்திருந்த படத்தை அனுப்பினேன், இன்றுவரை பதில் இல்லை. அதற்கு மதிப்பெண் கிடையாது. மீதிப் பையை வாழைக்கு அடியில் கொட்டினேன். வாழை நன்றாகத்தான் இருக்கிறது.